மூன்று மணிக்கே இறங்கிவிட்ட விமானம்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக ஒருவர் ஆப்பிரிக்காவுக்குப் போனார். அவர் என் சித்தப்பா. துபாய்க்கும் சவூதிக்கும் போனவர்கள் ஆம்பூரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. ஆப்பிரிக்கா அப்படியல்ல. அங்கே சிங்கம் இருந்தது.

சித்தப்பா தோல் கம்பெனியில் ஸ்பிரே அடிக்கிறவர். பதனிட்ட தோலுக்குக் கடைசியாக நிறம் ஏற்றும் வேலை அது. நாமெல்லாம் பிரவுன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவதில் அவருக்கு இருபது பிரவுன்கள் தெரியும். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய உள்ளங்கை அளவு தோல்துண்டை வெயிலில் ஒருமுறையும் டியூப்லைட்டில் ஒருமுறையும் பார்ப்பார். பிறகு அதே நிறத்தைக் கலந்து கொண்டுவந்து வைப்பார். எத்தியோப்பியா என்ற நாட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தோல் தொழிற்சாலைக்கு இப்படி ஒரு கண் தேவைப்பட்டது. வேலூரில் இருந்த ஓர் ஏஜெண்ட் மூலம் அப்பா அதைக் கேள்விப்பட்டார். அப்பாவே விண்ணப்பம் எழுதினார், அப்பாவே போட்டோ எடுக்க அழைத்துப் போனார், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்ததும் அவர்தான். அப்பா ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தார். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி, சரிபார்த்து, லாரியில் ஏற்றி அனுப்புவது அவர் வேலை. தம்பியையும் அதே ஒழுங்கோடு அனுப்பிவைக்கத் தீர்மானித்துவிட்டார். பெட்டியைப் போலவே சித்தப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் எது சொன்னாலும் "சரிண்ணா" என்பதுதான் அவர் வழக்கம். அந்த இரண்டு வருட ஒப்பந்தத்துக்கும் அதையேதான் சொன்னார்.

தெருப் பையன்கள் முனையில் பேனர் கட்டினார்கள். அதில் சித்தப்பாவுக்குக் கோட்டு மாட்டியிருந்தது. கழுத்துக்குக் கீழே இருந்தது யாரோ பருமனான ஒரு ஆளின் உடம்பு. தலைக்கு மேலே விமானம், காலடியில் சிங்கம். போட்டோவில் சித்தப்பாவைவிட சிங்கம்தான் நன்றாக விழுந்திருந்தது. "கண்டம் தாண்டும் எங்கள் தெருவின் சிங்கமே" என்று கீழே எழுதியிருந்ததால், படத்தில் எது சித்தப்பா என்று கேட்டு ஒரு கிண்டலும் கிளம்பியது. பேனர் கட்டிய நாளிலிருந்து சித்தப்பா வேலைக்குப் பின்தெரு வழியாகப் போய்வர ஆரம்பித்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

எனக்கும் இந்தப் பயணத்தில் ஒரு பங்கு இருந்தது. அந்த மாதம்தான் கணக்கில் காலம், தொலைவு, வேகம் என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்பது எனக்கு ஒரு மந்திரம் கிடைத்ததுபோல இருந்தது. பால்காரர் எத்தனை மணிக்கு அடுத்த தெருவுக்குப் போவார், பள்ளிக்கூட வேன் ரயில்வே கேட்டை எப்போது தாண்டும் என்றெல்லாம் போட்டுப் பார்த்து, அவை ஒன்றும் சரியாக வராமல் சலித்துப்போயிருந்தேன். விமானத்துக்கு ரயில்வே கேட் கிடையாது. அது ஒழுங்காகப் போகும் என்று நம்பினேன். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் டீச்சரைப் பிடித்து இரண்டு தொலைவுகளைக் கேட்டு வாங்கினேன். சென்னையிலிருந்து துபாய் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். அங்கே விமானம் மாறி, துபாயிலிருந்து அடிஸ் அபாபா இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆக மொத்தம் ஐயாயிரத்து நானூறு. விமானத்தின் வேகம் மணிக்குத் தொள்ளாயிரம். வகுத்தால் மீதியே இல்லாமல் ஆறு வந்தது. மீதி இல்லாத கணக்கு என்றால் அப்போதெல்லாம் எனக்குக் கடவுளே நேரில் வந்து சரி போட்டதுபோல. துபாயில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று டிக்கெட்டில் இருந்தது. காலை பத்து மணிக்குக் கிளம்புகிறவர் நம் வீட்டுக் கடிகாரத்தில் இரவு ஏழு மணிக்கு அடிஸ் அபாபாவில் இறங்குவார் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

கிளம்பிய நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே வேன் வந்துவிட்டது. வேனில் ஏறினால் நான் வாந்தி எடுப்பேன் என்பதால் என்னைக் கூட்டிப் போகவில்லை. சித்தியும் போகவில்லை. ஏர்போர்ட்டில் அழுதால் நன்றாக இருக்காது என்று வீட்டிலேயே அழுது முடித்துவிட்டாள். அப்பாவும், பக்கத்து வீட்டு பாயும், பேனர் கட்டிய பையன்களும் சித்தப்பாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். பாய் பதினொரு வருடம் துபாயில் வண்டி ஓட்டியவர். விமானம் தொடர்பான எந்தச் சந்தேகத்துக்கும் எங்கள் தெருவில் அவர்தான் கடைசித் தீர்ப்பு.

நான் என் அட்லஸைப் பிரித்துச் சுவரில் மாட்டினேன். சித்தியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிச் சென்னையின் மேல் ஒட்டினேன். சரியாகப் பத்து மணிக்குப் பொட்டு கிளம்பியது. அரைமணிக்கு ஒருமுறை அதைப் பிய்த்து, ஸ்கேலால் அளந்து, அரபிக்கடலில் முன்னே தள்ளி ஒட்டிக்கொண்டிருந்தேன். சித்தி அடுப்பு வேலைக்கு நடுவே வந்து வந்து, இப்போது எங்கே, இப்போது எங்கே என்று கேட்டாள். கடல்மேல் போகிறார் என்றால் முகம் வாடும். கடல் தாண்டிவிட்டார் என்றதும் மறுபடி அடுப்பங்கரைக்குப் போவாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் அப்பா திரும்பி வந்தார். தம்பியை உள்ளே விட்டுவிட்டு வந்தோம், எல்லாம் நல்லபடியாக ஆயிற்று என்றார். வந்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஏதோ போன் வந்தது. வாசலுக்குப் போய்ப் பேசினார். பிறகு சாப்பிடக்கூட இல்லாமல், கம்பெனியில் ஒரு வேலை என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஏது என்று அம்மா முணுமுணுத்தாள். நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பொட்டு துபாயை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்பா மூன்று மணிக்குச் சற்று முன்னால் வந்தார். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வந்து தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்தவர் குடிக்கவில்லை. அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். சித்தப்பாவின் நம்பர்.

"அண்ணா, நான் எறங்கிட்டேன்" என்றது சித்தப்பாவின் குரல். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"எறங்கிட்டியா?" என்றார் அப்பா. "நல்லபடியா எறங்கிட்டியா? சாப்ட்டியா?"

ரோமிங் போட்டுப் பேசுவதால் காசு ஜாஸ்தி ஆகும், நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லிச் சித்தப்பா வைத்துவிட்டார். அப்பா சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார். பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, எறங்கிட்டான், எறங்கிட்டான் என்று இரண்டு மூன்று தரம் சொல்லிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அம்மா சாமி விளக்கை ஏற்றினாள். பாய் வீட்டுக்குச் செய்தி போய், அவரும் வந்துவிட்டார்.

நான் மட்டும் அட்லஸின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் கணக்குப்படி சித்தப்பா அப்போது துபாய் ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த விமானத்துக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

இதை நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். மணி மூன்றுதான் ஆகிறது, அவர் எப்படி இறங்கியிருக்க முடியும் என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

"அந்த ஊர்க் கடியாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் பின்னாடி ஓடுது. அதனால சீக்கிரம் போய்ட்டான்" என்றார்.

கடிகாரம் பின்னால் ஓடினால் அந்த ஊர் மணிதான் மாறும், பயணம் எப்படிக் குறையும் என்று நான் விடவில்லை. தீர்ப்புக்காகப் பாயைப் பார்த்தேன். பாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை உடனே மூட முடியாமல், "ஆமா பாப்பா. நான் துபாய் போறப்பகூட ஒன்றரை மணி நேரம் மிச்சம்தான்" என்றார். பதினொரு வருட அனுபவத்தை எதிர்த்து ஆறாம் வகுப்பு என்ன செய்யும்? அதிகப்பிரசங்கி என்று அம்மா தலையில் தட்டி என்னை உள்ளே அனுப்பினாள்.

சித்தி மட்டும் பின்னாலேயே வந்தாள். கதவை லேசாகச் சாத்திவிட்டு, உன் கணக்கை எனக்கு ஒருதரம் சொல் என்றாள். எனக்கு இப்படி ஒரு மாணவி கிடைத்ததே இல்லை. நோட்டைத் திறந்து தொலைவு, வேகம், காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் வரிவரியாக விளக்கினேன். சித்தி எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் ஒரு வரியைக்கூட இரண்டாவது முறை கேட்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தொள்ளாயிரம் என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த வேகத்த கொஞ்சம் ஜாஸ்தி போட்டுப் பாரேன்."

போட்டுப் பார்த்தேன். பத்திலிருந்து மூன்று வரை ஐந்து மணி நேரம். காத்திருந்த மூன்றைக் கழித்தால் பறக்கக் கிடைப்பது இரண்டு. இரண்டு மணி நேரத்தில் ஐயாயிரத்து நானூறு என்றால் மணிக்கு இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். அவ்வளவு வேகமாக ராக்கெட்தான் போகும் என்று சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இதை யாரிடமும் சொல்லாதே, உங்கப்பாவிடம் சொல்லவே சொல்லாதே என்று நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். சாயங்காலம் நான் விளையாடிவிட்டு வந்து பார்த்தபோது, துபாயில் விட்டுவிட்டுப் போன பொட்டு ஆப்பிரிக்காவில் இருந்தது. யார் ஒட்டியது என்று கேட்டேன். நான்தான், எத்தனை நேரம்தான் அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார் என்றாள் சித்தி.

அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் வந்தது. சித்தப்பா அவசர அவசரமாகப் பேசுவார். சாப்பாடு எப்படி என்றால் பரவாயில்லை என்பார். வெயில் எப்படி என்றால் நம்ம ஊர் மாதிரிதான் என்பார். சிங்கம் பார்த்தாயா என்று தெருப் பையன்கள் கேட்டதற்கு, அது லீவு நாளில்தான் கூட்டிப் போவார்கள் என்றார். ஒருமுறை போன் என் கைக்கு வந்தபோது, அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டேன். ஏதோ முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். பிறகு எட்டரை என்றார். எங்கள் வீட்டில் அப்போது ஆறு. கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டார் என்று நான் வாயெடுப்பதற்குள், டவர் இல்லை என்று சித்தி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

இன்னொரு நாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ ஒருவன், வாலாஜா, வாலாஜா, வாலாஜா என்று கத்துவது தெளிவாகக் கேட்டது. ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் வாலாஜா என்று ஓர் ஊர் இருப்பது எனக்குத் தெரியும். ஆப்பிரிக்காவிலும் வாலாஜா இருக்கிறதா சித்தப்பா என்று கேட்டேன்.

"அது இந்த ஊரு பாஷை, பாப்பா" என்றார். "வாங்கன்னு அர்த்தம்."

அன்றே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எத்தியோப்பிய மொழி என்று தலைப்புப் போட்டு முதல் வார்த்தையை எழுதிக்கொண்டேன். மறுநாள் வகுப்புக்குள் டீச்சர் வந்ததும் எழுந்து நின்று வாலாஜா என்றேன். இடைவேளைக்குள் வகுப்பு முழுக்க வாலாஜா சொல்ல ஆரம்பித்துவிட்டது. கணக்கு சாருக்கு அதுதான் சொந்த ஊர். யார் தன்னைக் கிண்டல் செய்யச் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்து, என்னை ஒரு பீரியட் முழுக்க வெளியே நிற்கவைத்தார்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது சித்தி மட்டும் துருவித் துருவிக் கேட்டாள். எந்த மாதிரிக் கத்தினான், ஷேர் ஆட்டோக்காரன் மாதிரியா, மறுபடி சொல் என்றாள். அந்த வாரம் சனிக்கிழமை, கலவையில் இருக்கும் தன் அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாகவும், துணைக்கு என்னைக் கூட்டிப் போவதாகவும் அப்பாவிடம் சொன்னாள். போய்ட்டு வாம்மா, அவசரம் ஒண்ணும் இல்ல என்றார் அப்பா. விடியற்காலையிலேயே எழுந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டாள். கலவைப் பெரியம்மா வீட்டில் கருவாடு சாப்பிடமாட்டார்களே என்று நினைத்தேன். அது சித்தப்பாவுக்குத்தான் பிடிக்கும்.

வேலூர் வந்து, வேறு பஸ் மாறி, நான் இரண்டு முறை வாந்தி எடுத்து முடித்தபோது, கலவைக்கு ரொம்ப தூரம் முன்னாலேயே ராணிப்பேட்டையில் முத்துக்கடை என்ற ஸ்டாப்பில் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். இறங்கியதும் கேட்ட முதல் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். வாலாஜா, வாலாஜா என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர் எங்களைக் கூப்பிட்டார். சித்தி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தாள்.

சித்தப்பாவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு தோஸ்த் இருந்தார். அவர் அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்னத் தோல் யூனிட்டில் மேஸ்திரி. விசாரித்துப் போனபோது, யூனிட்டுக்குப் பின்னால் இருந்த தகரக்கூரை அறையைக் காட்டினார்கள். அறைக்கு வெளியே ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பனியன் துவைத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை பிரவுன் நிறம். நிமிர்ந்து எங்களைப் பார்த்தவர் கையில் சோப்போடு அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"சித்தப்பா, நீ எப்போ எறங்கின?" என்று கேட்டேன். அவர் திரும்பி வந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அதான் அன்னிக்கு மூணு மணிக்கே எறங்கிட்டாரே" என்றாள் சித்தி.

அவள் அறைக்குள் போய்த் தட்டைத் தேடி எடுத்துக் கழுவி, சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பாதிச் சோறு சாப்பிட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெட்டியைப் போட்டு, முத்திரை குத்தி, எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போயிருக்கிறார். அங்கே ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றிருக்கிறது. படத்தில் பார்ப்பதுபோல இல்லை, நம் கம்பெனியைவிடப் பெரிதாக இருந்தது, அதற்குக் கீழே தாங்க ஒன்றுமே இல்லை என்றார். வரிசையிலிருந்து மெல்ல நழுவி, பாத்ரூமுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

"மைக்ல என் பேர மூணு தபா கூப்ட்டாங்க" என்றார். "மூணு தபாவும் தப்பா கூப்ட்டாங்க. சரி, அது யாரோன்னு உக்காந்துட்டேன்."

பிறகு எங்கெங்கோ எழுதிவாங்கிக்கொண்டு, பெட்டியையும் திருப்பிக் கொடுத்து வெளியே விட்டிருக்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாமல் போனை அணைத்துவிட்டுச் சுற்றி, கடைசியில் பஸ் ஏறி, தோஸ்த் வீட்டு வாசலில் இறங்கியபோது மணி மூன்று. அண்ணன் பயந்துகொண்டிருப்பாரே என்று உடனே போன் செய்ததாகச் சொன்னார். என் கணக்கை அவர் மறந்திருந்தார்.

"பயம்னு என்கிட்ட சொன்னா இன்னா?" என்று கேட்டாள் சித்தி.

"எப்டிச் சொல்றது? பேனர் கட்டிட்டாங்க. சிங்கத்தக்கூட வச்சுட்டாங்க." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வருசம் இங்கியே இருந்துட்டு வந்துடலாம்னு பாத்தேன்."

சித்திக்கு அப்போதுதான் கோபம் வந்தது. வந்த கோபம் பாதியில் சிரிப்பாக மாறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து சித்தப்பா என்னைப் பார்த்தார். சிரிக்கிறாள் என்று நான் சைகை காட்டினேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. மீதிச் சோற்றை நன்றாகச் சாப்பிட்டார்.

பிறகு சித்தி என் பக்கம் திரும்பினாள். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும், வந்து சேருகிறவர் நம் தெருவில் எத்தனை மணிக்கு நுழைய வேண்டும், தப்பில்லாமல் போட்டுக் கொடு என்றாள்.

அதுவரை உண்மைக்காகப் போராடிய நான், அந்த நிமிடமே கட்சி மாறினேன். எனக்கு வேண்டியது உண்மை அல்ல, கணக்கு சரியாக வருவதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டிருக்கலாம். தோஸ்தின் மேசையிலிருந்து ஒரு தாளை வாங்கி, அடிஸ் அபாபா புறப்பாடு, துபாய், காத்திருப்பு, சென்னை, அங்கிருந்து ஆம்பூருக்கு பஸ் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். மூன்று ஊர்களின் மணியையும் தனித்தனியாகக் குறித்தேன். காது அடைத்திருப்பதாகச் சொல்ல வேண்டும், தூக்கம் கெட்ட முகமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு போட்டேன். சித்தப்பாவுக்கு மட்டும் இரண்டரை மணி நேரத்தைக் கழிக்கவே வரவில்லை. வருகிற அன்று உள்ளங்கையில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அங்கத்திய தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது திரும்பி வரும் காரணமாக முடிவானது.

அடுத்த ஞாயிறு, நான் எழுதிக்கொடுத்தபடி மதியம் பன்னிரண்டரைக்கு ஆட்டோவில் சித்தப்பா வந்து இறங்கினார். தெரு கூடிவிட்டது. தூக்கம் கெட்ட முகத்துக்காக அவர் முந்தின நாள் இரவு முழுக்க விழித்திருந்து, அசலாகவே தள்ளாடினார். ஆப்பிரிக்காவின் காப்பி உலகப் புகழ் என்று கேள்விப்பட்டு, ஆற்காட்டில் ஒரு கடையில் காப்பிப்பொடி வாங்கிப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வந்திருந்தார். அம்மா அப்போதே போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, அங்கேயும் சிக்கரி ஜாஸ்தியாகத்தான் கலக்கிறார்கள் என்றாள்.

நான் பயந்தது பாயைப் பார்த்துத்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "துபாய்ல எந்த டெர்மினல்ல எறக்கினான்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி என் தாளில் இல்லை. சித்தப்பா மெல்ல உள்ளங்கையைப் பார்த்தார்.

"நாலே கால்" என்றார்.

பாய் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "ஆமா, அது புதுசா கட்டியிருக்கான்" என்றார்.

அதைவிடப் பெரிய ஆபத்து பின்னாலேயே வந்தது. சித்தப்பாவின் பெட்டியை அப்பா தூக்கினார். அதன் கைப்பிடியில், போன மாதம் சென்னையில் ஒட்டிய லேபிள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தேதியும் சென்னை, துபாய் என்ற எழுத்துகளும் எனக்கே தூரத்திலிருந்து தெரிந்தன. நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், இதை மறந்துவிட்டேன். அப்பா லேபிளைக் கையில் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். படார் என்று கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "போய்க் குளிடா. தண்ணி ஒத்துக்கலன்னா இன்னா பண்ண முடியும்" என்று பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். நாள் முழுக்க லேபிள் படிக்கிறவர் இதைப் படிக்காமல் விட்டாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். சித்தி அடுப்பங்கரைக் கதவோரம் நின்று, அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

சித்தப்பா அடுத்த வாரமே பழைய கம்பெனியில் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

இந்த ரகசியத்தை நான் பதினாறு வருடம் காப்பாற்றினேன். நான் இப்போது ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் முதன்முறையாக என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். வழியனுப்ப அப்பா வந்திருந்தார். ஏர்போர்ட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. சித்தப்பா ஆப்பிரிக்காவுக்குப் போகவே இல்லை, ராணிப்பேட்டையில் இருந்தார், எனக்கும் சித்திக்கும் மட்டும் தெரியும் என்றேன்.

அப்பா டீயை ஊதிக் குடித்தார்.

"பன்னெண்டு மணிக்கே ஏஜெண்டு போன் பண்ணிட்டான், உங்காளு ஏறலன்னு" என்றார். "இவனுக்குப் போன் போட்டா சுட்ச் ஆஃப். உங்க சித்திகிட்ட நான் இன்னான்னு சொல்றது? மெட்ராஸ்ல காணாமப் போனவன நான் ஆம்பூர்ல தேடிட்டு இருந்தேன். ஸ்டேஷனுக்குப் போனேன். தண்டவாளத்த ஒட்டியே ரொம்ப தூரம் நடந்தேன். மூணு மணிக்கு எறங்கிட்டேன்னான். எங்க எறங்கினன்னு நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

தனக்குத் தெரியும் என்று சித்திக்குச் சந்தேகமே வரவில்லையா என்று அவர் கேட்டார். இல்லை, உங்களிடம்தான் மறைக்கச் சொன்னாள் என்றேன். அப்பா காலி டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

சித்தப்பா கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், பாவம், அப்பாவுக்குக் கழித்தல் சரியாக வராது என்பதுதான். அதனால் அடுத்த விடுமுறை நாளில் அவரைச் சுவரோரமாக உட்காரவைத்து, நம் கடிகாரத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று நோட்டில் போட்டுக் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். இப்போது நீங்கள் போடுங்கள் என்று பென்சிலைக் கொடுத்தேன். நிதானமாகப் போட்டார். அப்போதும் தப்பாகத்தான் போட்டார்.